பச்சை மை

1952, சோவியத் ஆட்சியில் எஸ்தோனியா. தார்த்து நகர நூலகத்தில், நாட்டின் வரலாற்று நூலொன்றின் 112ஆம் பக்கத்தைப் பிளேடால் வெட்டி, மாஸ்கோ அனுப்பிய புதுப் பக்கத்தை ஒட்டுவது ஹெல்வேயின் வேலை. மூன்று முறை வெட்டினாள். மூன்று முறையும் மறுநாள் பழைய பக்கமே இருந்தது.

"யாரும்மா திரும்ப ஒட்டுறது?" என்றார் மேலாளர் வால்தூர்.

"ஒட்டின தடமே இல்லை தோழர். தையலோட இருக்கு."

நூலை எழுதிய பேராசிரியர் சைபீரியாவில் இறந்து இரண்டு வருடமாகிறது. நான்காம் முறை திரும்பிய பக்கத்தில், தவறாக அச்சாகியிருந்த ஓர் ஆண்டு பச்சை மையில் திருத்தப்பட்டிருந்தது. அது அவர் கையெழுத்து.

"செத்தும் தப்பைப் பொறுக்க மாட்டேங்கிறாரே மனுஷன்!" வால்தூர் தன்னை மறந்து தொப்பியைக் கழற்றினார்.

அன்று ஹெல்வே வெட்டவில்லை. பேராசிரியரும் ஒரு தடவை பார்க்கட்டும் என்று புதுப் பக்கத்தை உள்ளே செருகிவிட்டுப் போனாள்.

காலையில் அதன் ஓரத்தில் பச்சை மை இன்னும் காயாமல் இருந்தது: "தேதிகள் எல்லாம் சரி. அன்று நடந்தது இதல்ல."