தெற்கே ஒரு விளக்கு

“அந்தத் தொப்பி கேலக்ஸியைப் படம் எடுக்கலாமாங்க?”

“வேண்டாம்மா. நம்ம லென்ஸுக்கு அது கடுகு சைஸுலதான் விழும். தொப்பியும் தெரியாது, தலையும் தெரியாது.”

“மோதிர நெபுலா?”

“அது கடுகுல பாதி. அதுவும் நடுராத்திரி தாண்டித்தான் மேலே வரும். நம்மகிட்ட இருக்கிற சாமானுக்குத் தகுந்த மாதிரி, பெருசா, பளிச்சுன்னு ஏதாவது சொல்லு.”

“தேன்கூட்டு நட்சத்திரக் கொத்து?”

“ஏழு தடவை எடுத்தாச்சே!”

மனைவி நோட்டை மூடிவிட்டு மொட்டைமாடித் தரையில் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவள் கணவர் கேமராவைத் தடவிக் கொடுத்தார். சாமான் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. இரண்டு கை மாறி வந்த கேமரா. கடைக்கு மூக்குக்கண்ணாடி மாற்ற வந்த ஒருவர் வேண்டாமென்று கொடுத்துவிட்டுப் போன லென்ஸ். நட்சத்திரங்கள் நகர நகரக் கேமராவும் நகர வேண்டுமே, அதற்குக் கீல் போட்ட இரண்டு பலகைகளும் கையால் திருகும் ஒரு திருகாணியும். இதை வைத்துக்கொண்டுதான் ஐந்து வருஷமாக வானத்தை வளைத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார் மனுஷன்.

இன்று கடைசி ராத்திரி. விடிந்தால் சாமான் ஏற்ற லாரி வந்துவிடும். புது வீடு தரைத்தளம். மேலே நாலு குடும்பம், மாடிக்குப் பூட்டு. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் வானம் கையகலம் தெரியும், அவ்வளவுதான்.

“அப்போ எதைத்தான் எடுக்கப் போறீங்க? வாயைத் திறந்து சொல்லுங்களேன்.”

அவர் தெற்கே பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஒமேகா சென்டாரி. ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒரே உருண்டையாகத் திரண்டு நிற்கிற கொத்து. சின்ன லென்ஸுக்கென்றே செய்துவைத்த மாதிரி அவ்வளவு பெரிசு, அவ்வளவு பிரகாசம். ஆனால் தெற்கே தாழ்வாக மட்டும்தான் வரும். தாழ்வாக என்றால், சரியாக எதிர்வீட்டு மாடிக்கு மேலே. அங்கேதான் அந்தப் பாழாய்ப்போன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“பதினேழாயிரம் வருஷமா ஓடி வருது அந்த வெளிச்சம். கடைசி நாப்பது அடியில இந்தச் சர்ச்லைட்டுகிட்ட மாட்டிக்குது பாரு” என்றார்.

சர்ச்லைட் என்பது எதிர்வீட்டு அம்மாவுக்கு அவர் வைத்த பெயர். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, தனியாக இருக்கும் அம்மா. இவர்கள் குடிவந்த வாரமே, அந்த அம்மாவின் கேட்டுக்கு முன்னால் இவர் ஸ்கூட்டரை நிறுத்தப்போய், அந்த அம்மா ஒன்று சொல்ல, இவர் ரெண்டு சொல்ல, அன்றோடு பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று. அதற்கு அடுத்த வாரம் முளைத்த விளக்கு இது.

“வேணும்னே பண்றா. நாம மாடி ஏறினதும் போடுறா, இறங்கினதும் அணைக்கிறா. எத்தனை நாள் கவனிச்சிருக்கேன்! மனுஷிக்கு இப்படியுமா ஒரு வஞ்சம் இருக்கும்?”

“நான் வேணா போய் ஒரு மணி நேரம் அணைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கட்டுமா?”

“அவகிட்ட போய்க் கெஞ்சறதுக்கு, எட்டாவது தடவையா தேன்கூட்டையே எடுத்துட்டுப் போயிடுவேன்.”

“கெஞ்சப் போறது நான்தானே? உங்க வீராப்பு உங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும்.”

அவள் விறுவிறுவென்று இறங்கிப் போனாள். எதிர்வீட்டு வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. சண்டையா சமாதானமா என்று மேலே இருந்த இவருக்குப் பிடிபடவில்லை. பத்து நிமிஷம் போயிருக்கும். விளக்கு அணைந்தது.

அடேயப்பா!

தெரு, சுவர்கள், தண்ணீர்த்தொட்டிகள் எல்லாம் இருட்டில் மெல்லக் கரைந்துபோயின. எதிர்வீட்டு மாடிக்கு மேலே, கண்ணை இடுக்கிப் பார்த்தால், ஒரு பஞ்சுத் துணுக்கு மிதந்துகொண்டிருந்தது. அவர் கேமராவைத் திருப்பினார். திருகாணியைப் பிடித்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு சுற்று, நிமிஷத்துக்கு ஒரு சுற்று என்று மூச்சை அடக்கித் திருகினார். முதல் படம் திரையில் விழுந்தபோது, கறுப்புத் துணியில் யாரோ சர்க்கரையைக் குவித்துவைத்தது போல இருந்தது.

அப்புறம் அவருக்கு நேரம் தெரியவில்லை. வானம் நிற்கிறது, மாடிதான் தன்னை ஏற்றிக்கொண்டு மிதந்து போகிறது என்று தோன்றியது. லாரி, பூட்டு, வாடகை எல்லாம் எங்கோ கீழே போய்விட்டன. அழுகை வந்துவிடும் போலச் சந்தோஷமாக இருந்தது அவருக்கு.

மனைவி திரும்பி வரும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கையில் யாருடையதோ ஒரு டார்ச்.

“வா வா, இங்கே வந்து பாரு! அஞ்சு வருஷத்துல இப்படி ஒண்ணு விழுந்ததே இல்லை. அது சரி, என்ன மாயம் பண்ணினே? அந்தச் சர்ச்லைட் எப்படி மசிஞ்சா?”

“இனிமே அப்படிக் கூப்பிடாதீங்க. நாம வந்த புதுசுல ஒரு ராத்திரி நீங்க இங்கே பலகை தடுக்கி விழுந்து, காலைச் சுளுக்கிக்கிட்டு நொண்டி நொண்டி இறங்கினீங்களே, அதைப் பார்த்துட்டு, மறுபடி விழுந்துடக் கூடாதேன்னு மறுநாளே ஆளைக் கூப்பிட்டு மாட்டின விளக்காம் அது.”

அவர் திருகாணியிலிருந்து கையை எடுத்தார்.

“அஞ்சு வருஷமா நாம பத்திரமா இறங்குற வரைக்கும் தூங்காம உக்காந்திருந்து, அதுக்கப்புறம்தான் அணைச்சுட்டுப் படுப்பாங்களாம். இன்னைக்கு அணைக்கச் சொன்னதும் பதறிட்டாங்க. ‘அப்போ சார் இருட்டுல எப்படிம்மா இறங்குவார்?’னு இந்த டார்ச்சைக் கையில திணிச்சுட்டு, உள்ளே போய்ப் படுங்கன்னு நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காம, அதோ வாசல்லயே நிக்கிறாங்க பாருங்க.”