வீட்டுக்கு ஒரு ஆள்

கையை இழுக்கவில்லை அவள்.

கடிபட்டதும் யாரும் இழுக்கத்தான் செய்வார்கள். இழுத்தால் பல் இன்னும் ஆழமாக இறங்கும், சதை கிழியும். கையை வாய்க்குள்ளேயே தள்ள வேண்டும். தாடை தன்னால் விரியும், கடி விடும். தனியாக வந்து சேரும் அகதிப் பிள்ளைகளுக்கு வளர்ப்பு வீடாகப் பதிவு செய்தபோது ஒஸ்லோவில் பயிற்சி கொடுத்தார்கள். ரப்பர்க் கையை வைத்துச் செய்துகாட்டினார்கள். எல்லோரும் சிரித்தார்கள்.

ரப்பரில் ரத்தம் வரவில்லை.

தள்ளினாள்.

மதுசா விடவில்லை. வயது பதினான்கு. வன்னிப் போரிலிருந்து தம்பியோடு தப்பி, இந்த வீட்டுக்கு வந்து பதினோரு நாள். இதுவரை ஒரு கதவைக்கூடச் சத்தமாகச் சாத்தியதில்லை.

மதுசாவின் முழங்கால் அவள் வயிற்றில் இடித்தது. செருப்பு அலமாரி சரிந்து, மேலே இருந்த சாவி, கத்தரிக்கோல், கையுறை எல்லாம் சிதறின. மதுசாவின் ஒரு கை மட்டும் சண்டைக்கு வரவில்லை. அது தம்பியைப் பின்னால் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தது.

அப்படி என்ன சொல்லிவிட்டோம்?

பனி உருகியதும் குடியிருப்பைச் சுத்தம் செய்யும் நாள் இது. கூலிக்கு ஆள் வைப்பதில்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் இறங்கினால் போதும். வேலிக்குச் சாயம் அடித்து, சருகு அள்ளி, மதியத்துக்குள் முடிந்துவிடும். கடைசியில் எல்லோருக்கும் வாஃபிள் பலகாரம். இந்த ஏற்பாடு அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். சற்றுமுன் கீழ்வீட்டு ஆர்வே பச்சை மழைச்சட்டையும் மண்வெட்டியுமாக வந்து கதவைத் தட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவள் மதுசாவின் தம்பி கையைப் பிடித்தாள்.

"வா மக்ளே. வீட்டுக்கு ஒரு ஆளு போணும். இந்தத் தடவ நீதான்."

சிரித்துக்கொண்டே, தன் நாகர்கோவில் தமிழில்.

உடனே பல்.

இப்போது தாடை விரிந்தது. மதுசாவின் உதடெல்லாம் ரத்தம்.

"அவன் சின்னவன். ஒன்பது வயசு."

மூச்சு வாங்கினாள்.

"அக்காவைக் குடுத்தாச்சுத்தானே. வீட்டுக்கு ஒராள் எண்டு இயக்கக்காரர் துவக்கோட வந்து சண்டைக்குக் கொண்டுபோனவை. எங்கட வீட்டுக் கணக்கு முடிஞ்சுது."

பிள்ளைகளின் கோப்பில் அந்த அக்காவுக்கு ஒரே ஒரு வரி இருந்தது. தகவல் இல்லை.

"இல்ல பிள்ளே. இது வெறும் குப்ப அள்ளத்தான்."

"அவையும் பங்கர் வெட்டத்தான் எண்டவை."

எதையும் விளக்கிவிடக்கூடியவள் அவள். வெந்நீர்க் கொதிகலன், டிராம் டிக்கெட் இயந்திரம், கண்ணாடி ஏன் வியர்க்கிறது. முதல் வாரம் முழுக்க இந்தப் பிள்ளைகளுக்கு அதைத்தான் செய்தாள். இப்போது வேலி, சாயம், வாஃபிள் என்று வாய்வரை வந்தது.

ரத்தம் முழங்கையிலிருந்து தரையில் சொட்டியது.

மதுசா தம்பியை விட்டாள். அவனைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள். அப்போதும் சத்தமில்லாமல்.

பிறகு தரையில் உட்கார்ந்தாள். பின்னலை அவிழ்த்தாள். இடுப்புவரை வந்தது. சிதறிக் கிடந்ததில் கத்தரிக்கோலை எடுத்து, பிடி எதிரே நின்றவள் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

"கட்டையா வெட்டுங்கோ. அக்காவுக்கும் முதல்ல இதைத்தான் வெட்டினவை. நான் வாறன்."

கதவு மறுபடி தட்டப்பட்டது.

"உங்கள் வீட்டிலிருந்து யார்?" ஆர்வே, நோர்வே மொழியில்.

அவள் கதவைத் திறக்கவில்லை. கத்தரிக்கோலை வாங்கவுமில்லை. மதுசாவின் முகத்தைப் பார்த்தபடி உரக்கச் சொன்னாள்.

"இந்த வீட்டுலேருந்து ஒரு ஆளும் வராது."

ஆர்வேவுக்குப் புரியவில்லை. "என்ன?" என்றார்.

அவள் மறுபடியும் தமிழிலேயே சொன்னாள்.