ஐந்தாம் மாடி முதுகு

"நூத்திப் பன்னெண்டு நாளாச்சு சயா. குனிஞ்சா நிமிர முடியல. நான் எங்கேருந்து வாளி தூக்குறது?" என்றான் ஐந்தாம் மாடி மாரிச்சாமி.

கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் எரிந்துபோயிருந்தது. புதுசு வரும்வரை வீட்டுக்கு ஓர் ஆள், காலையில் பத்து வாளி, கீழ்த் தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்குச் சுமக்க வேண்டும். ஏழு மாடி; லிஃப்ட் கிடையாது. இது கமிட்டியின் தீர்மானம். கமிட்டி என்றால் தரைத்தளத்துப் பொன்னுத்துரைதான்.

அவர் முப்பது வருஷம் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர். டாக்டருக்கும் வாத்தியாருக்கும் ரங்கூனில் 'சயா' என்று ஒரே மரியாதை; அதில் கொஞ்சம் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. வேலையில் இருந்தவரை, இன்ன நோய் என்று சொல்ல இவரை யாரும் விட்டதில்லை. ஓய்வு பெற்றபின் அந்தக் குறையைத் தெருவில் தீர்த்துக்கொண்டிருந்தார்.

"எண்ணி வேற வச்சிருக்கியா?" என்றார் மூன்றாம் மாடி ஜாபிர், இரண்டு கையிலும் வாளியோடு.

"வலின்னா எண்ணத்தானே செய்யணும் பாய்? வீட்டுல தினமும் இதே பேச்சுதான்."

"பாவம். நேத்து டீக்கடைக் குட்டை முக்காலியில மத்தியானம் பூரா உட்கார்ந்து ஃபுட்பால் பேசுனியே, அந்த நாளும் கணக்குல உண்டா?"

பொன்னுத்துரை கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். "பாய், நோயாளிய நோயாளியா நடத்தணும். நீ சொல்லு மாரிச்சாமி. வலி எங்க ஆரம்பிக்குது, எங்க போகுது?"

"இடுப்புல ஆரம்பிச்சு இடது பக்கமா இறங்குது. தொடை, ஆடுசதை, கடைசியில சுண்டுவிரல். கம்பியை உள்ள விட்டு இழுக்கிற மாதிரி. இருமினா இன்னும் ஜாஸ்தி. ராத்திரி முழங்காலுக்கு அடியில தலையணை வச்சாத்தான் தூக்கம்."

பொன்னுத்துரைக்குச் சிலிர்த்தது. புத்தகத்தில் படித்தது அப்படியே கைலி கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறது.

"இது நடிப்பில்ல பாய். வலி இல்லாத வீட்டுல இவ்வளவு விவரம் தெரியாது."

"தினம் அஞ்சு மாடி குதிச்சு இறங்குறானே சயா."

"படமே எடுத்தாச்சு," என்ற மாரிச்சாமி அண்ணாந்து குரல் கொடுத்தான். "ரேவதி, பீரோ மேல இருக்கிற எக்ஸ்ரேயைக் கயிறுல இறக்கு. சயா பார்க்கணுமாம்."

அவன் மனைவி பால்கனிக்கு வரக் கொஞ்ச நேரமானது. ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் அந்தத் தெருவில் ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப். பேப்பர் மேலே போகும், காசு கீழே வரும். முதுகெலும்பு இறங்கி வந்தது அன்றுதான் முதல் முறை.

பொன்னுத்துரை அதைக் கழற்றவில்லை. தொங்கியபடியே வெயிலுக்கு நேராகத் திருப்பினார். மூலையில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. எலும்பே தெரியும்போது எழுத்து எதற்கு?

"பாருங்க. நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல இடமே இல்ல. ஓரமெல்லாம் முள்ளு முள்ளா வளர்ந்திருக்கு. வருஷக்கணக்கா சுமை தூக்கித் தேஞ்ச முதுகு இது."

"சுமையா? இவனா?" ஜாபிர் வாளிகளைக் கீழே வைத்தார். "கால் கிலோ வெங்காயம் வாங்கினாலும் கயிறுலதானே மேல அனுப்புறான்?"

பொன்னுத்துரை ஒரு நொடி தடுமாறினார். ஒரு நொடிதான்.

"உட்கார்ந்தே இருந்தாலும் தேயும். காரணம் ஆயிரம் இருக்கும் பாய், எலும்பு ஒண்ணுதான். திரும்பு மாரிச்சாமி."

சட்டையைத் தூக்கி, கட்டைவிரலால் எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கி, ஓரிடத்தில் அழுத்தினார்.

"இங்கதானே?"

"அம்மா," என்றான் மாரிச்சாமி, சரியான நேரத்தில்.

"விரல்லயே தெரியுது. பள்ளம் விழுந்திருக்கு."

ஜாபிரும் தொட்டுப் பார்த்தார். "எனக்கு நல்ல கொழுத்த சதையாத்தான் படுது."

"அதுக்குக் கை பழகணும்," என்றார் பொன்னுத்துரை. "இவன் வாளியைத் தொட்டா அதோட படுக்கைதான். கமிட்டி இவனை விட்டுருச்சு."

"அப்ப அஞ்சாம் மாடிக்கு யாரு தூக்குறது?"

"ரேவதி வருவா பாய்," என்றான் மாரிச்சாமி, சட்டையை இறக்காமலே. "வீட்டுத் தண்ணி, அரிசி, கேஸ் சிலிண்டர் எல்லாம் இத்தனை வருஷமா அவதானே தூக்குறா. பழக்கம்தான்."

நியாயமாகத்தான் பட்டது பொன்னுத்துரைக்கு. அண்ணாந்து, தெருவே கேட்கும் குரலில் தீர்ப்பைச் சொன்னார்.

"ரேவதி, உன் புருஷன் முதுகு ரொம்ப மோசம்மா. படத்துலயே தெரிஞ்சுபோச்சு. நாளையிலருந்து அவனுக்குப் பதிலா நீ பத்து வாளி தூக்கிரு."

கயிறு அசைந்தது. எக்ஸ்ரே பொன்னுத்துரையின் மூக்கைத் தாண்டி மெல்ல ஏறியது. இரண்டாம் மாடிக்கு நேராக ஒரு முறை நின்றது. இழுப்பவள் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறுபடி இழுத்தாள். எதிர் வரிசைப் பால்கனிகளில் தலைகள் முளைத்தன. பொன்னுத்துரையின் கட்டைவிரல் இன்னும் மாரிச்சாமியின் இடுப்பில்தான் இருந்தது.

"சயா," என்றாள் ரேவதி, படத்தைக் கிளிப்பிலிருந்து எடுத்தபடி. "இது என் முதுகு."