எத்தனை ரன்?

ரஞ்சி லீக்கின் கடைசி ஆட்டம் முடிந்து, சந்தானம் மைசூர்பாக் பெட்டியோடு வீடு திரும்பினார். பாகீரதி வாசலுக்கே ஓடினாள்.

"நம்ம ஹர்ஷா எத்தனை ரன்?"

"முட்டை."

அவள் பெட்டியைப் பார்த்தாள். போன ஆட்டத்திலும் இதே முட்டைதான். "அதுக்கா ஸ்வீட்டு?"

"கேளுடி. கடைசி ஆளா இறங்கினான். முதல் இன்னிங்ஸ்ல முந்த இன்னும் நாற்பத்தோரு ரன் வேணும். எழுபது பந்துக்கு அவுட்டாகாம கட்டை போட்டு நின்னான். எதிர்முனைல கேப்டன் அத்தனையும் அடிச்சுட்டார். மேட்ச் டிராதான். ஆனா டிரான்னா முதல் இன்னிங்ஸ்ல முந்தினவங்களுக்குத்தான் பாயிண்ட் ஜாஸ்தி. முந்தினது நாம, கால் இறுதிக்குப் போறதும் நாம!"

எதிர்வீட்டு அம்ருதா எட்டிப் பார்த்துக் கன்னடத்தில் கேட்டாள். "ஹர்ஷா எஷ்டு ரன், ஆன்ட்டி?"

பாகீரதி பெட்டியைத் திறந்து நீட்டினாள். தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "எம் பையன் முட்டைம்மா!"