மூன்றாவது பொத்தான்

பன்னிரண்டு ஆகப் பதினோரு நிமிடம் இருந்தது.

பன்னிரண்டுக்கு, எலக்ட்ரான்களைச் சுற்றவிட்டு எக்ஸ்-கதிர் தரும் பெரிய வளையத்தை நிறுத்திவிடுவார்கள். பிறகு ஐந்து வாரத்துக்குக் கதிர் கிடையாது.

ஒதில் ஈயச் சுவர் அறைக்குள் நின்றாள். ஒரு நொடியை இரண்டு லட்சம் படங்களாக எடுக்கும் கருவி. அதைச் சுற்றி இந்த அறை. இரண்டையும் அவளும் ரெமியும் ஒன்பது வருடம் உட்கார்ந்து வரைந்தார்கள். இன்று முதல் படம்.

கதிரைத் திறக்கும் முன் ஒருவர் உள்ளே நடந்து, ஆள் யாரும் இல்லை என்று பார்த்து, மூன்று பொத்தான்களை வரிசையாக அழுத்திவிட்டு வெளியே வந்து கதவை மூட வேண்டும். நாற்பது நொடிக்குள். மூன்று முறை தவறினால் பாதுகாப்பு அதிகாரி வந்துதான் பூட்டை விடுவிக்க வேண்டும். அவர் சாப்பிடப் போயிருந்தார்.

இரண்டு முறை தவறிவிட்டது.

வெளியே கட்டுப்பாட்டு மேசையிலிருந்து பஸ்தியான் ஒலிபெருக்கியில் பேசினான். "நீ வரைஞ்ச ரூம்தானே ஒதில்? வழி சொல்ல ஆள் அனுப்பவா? சீக்கிரம் வா, கேன்டீன்ல மீன் தீர்ந்துடும்."

முதல் பொத்தான். சைரன் ஒலித்தது. இரண்டாவது.

மூன்றாவது, கதிரைத் திருப்பும் கண்ணாடி இருக்கும் பெட்டிக்குப் பின்னால், மூலையில். முதல் வரைபடத்தில் அது இல்லை. பலகை அடித்து மாதிரி அறை கட்டிப் பார்த்த அன்று, ரெமி அந்த மூலையில் காபியோடு குந்தியிருந்தான். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, அவனைக் கவனிக்காமல் கதவைச் சாத்தினாள்.

உள்ளிருந்து குரல் வந்தது. "இங்க யாரும் இல்ல. நிம்மதியாத் திற."

மறுநாளே அங்கே ஒரு பொத்தானை வரைந்தார்கள்.

இரண்டு முறையும் விரல் நின்றது இங்கேதான். அழுத்தினால், ரெமி இங்கே இல்லை என்று அவள் ஒப்புக்கொண்டதாக ஆகும்.

மார்ச்சில், மருத்துவமனையில் அவன் இறந்தபோது, அதற்கான காகிதங்களை அவளிடம் யாரும் நீட்டவில்லை. கையெழுத்திட்டது அவன் மனைவி.

அழுத்தினாள்.

சுவரில் எண் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது. கதவுக்கு மூன்று நொடி போதும்.

குனிந்து மூலையைப் பார்த்தாள்.

"ரெமி, உள்ள இருக்கியா?"