கிலுகிலுப்பைச் சோதனை

காலை வெயில் தொட்டிலில் விழுகிறது. பிறந்து மூன்று நாளான குழந்தையின் காதருகே பெரிய டாக்டர், அது திடுக்கிடும் விதத்தில் சுபாவத்தைக் கணிக்க, கிலுகிலுப்பையை ஆட்டுகிறார்; பக்கத்தில் நர்ஸ் படிவமும் பேனாவுமாக நிற்கிறாள். "தாயோட மனசுதான் பிள்ளையோட சுபாவம்" என்று அறை முழுக்கக் கேட்கும்படி பிரசங்கம் வேறு. கர்ப்பத்தில் கவலை இருந்ததா என்ற படிவக் கேள்விக்கு 'இல்லை' என்று எழுதிக்கொடுத்தவள் தாய். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஏழு மாதம் அழுததைக் குழந்தை போட்டுக்கொடுத்துவிடுமோ என்று பார்க்கிறாள். அது அசையாமல் தூங்குகிறது. இது நல்லதா கெட்டதா, அவளுக்குப் புரியவில்லை. டாக்டர் பத்தாவது முறை ஆட்டுகிறார். "எழுதும்மா, திடுக்கிடல் இல்லை." நர்ஸ் பேனாவை நிறுத்துகிறாள். "சார், ஒவ்வொரு தடவையும் அம்மாவுக்குத்தான் தூக்கிவாரிப் போடுது. அதை எந்தக் கட்டத்துல எழுதறது?" டாக்டர் படிவத்தைத் திருப்பிப் பார்க்கிறார். பின்பக்கம் காலியாக இருக்கிறது.