உப்புச் சாக்கு

பட்டறைக் கூரையின் தகர ஓட்டைகள் வழியே விழும் வெயில் அப்பாவின் பழைய காரின் முதுகில் காசு காசாகக் கிடக்கிறது. கதவுக்கு அடியில் துருவேறிச் சல்லடையாகிவிட்ட தகட்டைத் தங்கை அறுத்தெடுத்துவிட்டாள். அந்தப் பொந்துக்குள், உப்புத் தண்ணீரில் ஊறிய சாக்குத் துண்டொன்றை ஆழத் திணித்து, புதுத் தகட்டை வைத்து மூடிப் பற்றவைக்கிறாள். உப்புநீர் உள்ளேயே நின்று அரிக்கட்டும் என்று, நீர் வடியும் துளைகளையும் அடைத்துவிட்டாள். பொறிகள் சிதறி அவள் பூட்ஸில் விழுந்து அணைகின்றன. வாசலில் அண்ணன் போனில் சிரித்துக்கொண்டிருக்கிறான். அப்பா செத்ததை இவளுக்குச் சொல்லாமலே எரித்து முடித்து, வண்டியைத் தன் வீட்டுக்கு ஓட்டிப்போனவன். இப்போது உறவு விட்டுப்போகக் கூடாதாம், வேலையை இவளிடமே கொண்டுவந்திருக்கிறான். உள்ளே வந்து, புதுத் தகட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறான். “பிரமாதம்! அப்பா இருந்தா பூரிச்சுப் போயிருப்பாரு.” உள்ளே ஒரு சொட்டு விழும் சத்தம் அவளுக்கு மட்டும் கேட்கிறது. “உள்ளுக்குள்ள ஏதாவது கோளாறு இருந்தா இப்பவே சொல்லிடும்மா.” அவள் முகக்கவசத்தைத் தூக்கி அவனை நேராகப் பார்க்கிறாள். “சொல்லாம இருப்பேனாண்ணே? அப்பா செத்தப்போ நீ எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லிடறேன்.”